மலைநாட்டில் முக்குளிப்போர் கடிகாரம்

நுவரெலியாவில் ஏப்ரல் வசந்தகாலம் வந்துவிட்டால், மகாகஸ்தொட்டத் தேயிலைச் சரிவிலே மோட்டார் வண்டிகளின் முழக்கம் எழும். 1934இல் தொடங்கிய இம்மலையேற்றப் போட்டியில் வண்டிகள் ஒன்றையொன்று துரத்துவதில்லை. தனித்தனியே ஏறி, நேரத்தோடு மட்டுமே பொருதுகின்றன. அதனாற்போலும், எம் மாணவருட் சிலருக்குச் சுவிஸ் பந்தயக் கடிகாரங்கள்மீது தீராத மோகம். வேறு சிலரோ, கடலுக்கு வெகு தூரத்தில் வாழ்ந்துகொண்டு, முக்குளிப்போர் கடிகாரம் கேட்கின்றனர். விலையோ பெற்றோரின் பல மாத ஊதியத்தை விழுங்கவல்லது. எனவே இரண்டையும் சற்றே எடைபோட்டுப் பார்ப்போம்.

பந்தயக் கடிகாரங்களுள் 1957இல் வந்த ஒமேகா ஸ்பீட்மாஸ்டரும், 1963இல் வந்த ஹோயர் கரேராவும் பெயர் பெற்றவை. பொத்தானை அழுத்தினால் தனிமுள் ஓடும். மீண்டும் அழுத்தினால் நிற்கும். இவ்வகையிற் பலவற்றின் விளிம்பிலுள்ள எண்கள் வேகத்தைச் சொல்லும். ஒரு கிலோமீற்றரை 45 வினாடியிற் கடந்தால் முள் 80ஐக் காட்டும். 3600ஐ 45ஆல் வகுத்துப் பாருங்கள். ஆனால் 60 வினாடியில் முள் ஒரு சுற்றை முடித்துவிடும். அதற்குரிய வேகம் மணிக்கு 60 கிலோமீற்றர். ஹற்றனிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் பேருந்து கிலோமீற்றருக்கு 90 வினாடி எடுத்துக்கொண்டால், இவ்வளவு விலைபெற்ற வளையம் வாய் திறவாது! மேலும், இக்காலக் கடிகாரங்கள் பலவற்றின் சமன்சக்கரம் வினாடிக்கு 8 முறையே அசைகிறது. மலையேற்றப் போட்டியிலோ நூறிலொரு பங்கு வினாடியும் வெற்றியை மாற்றக்கூடும்.

முக்குளிப்போர் கடிகாரத்தின் கதை வேறு. 1953இல் பிளாங்பேன் நிறுவனம் வெளியிட்ட கடிகாரத்தின் பெயருக்கு ‘ஐம்பது பாகம்’ என்று பொருள். எம் கரையோர மீனவர் இன்றும் ஆழத்தைப் பாகத்திலேதான் சொல்கின்றனர். ஐம்பது பாகம் ஏறத்தாழ 91 மீற்றர். நீரில் இறங்குமுன் வளையத்தின் குறியை நிமிட முள்ளுக்கு நேரே வைத்துவிட்டால், கழிந்த நேரம் கண்ணுக்குத் தெரியும். பிற்காலத்தில் அவ்வளையத்தை இடப்புறமாக மட்டுமே திரும்பும்படி அமைத்தனர். பாறையில் இடிபட்டு அது நகர்ந்தாலும், கழிந்த நேரம் கூடுதலாகவே தோன்றும். முக்குளிப்பவர் முன்னதாக மேலே வருவார்; காற்றுத் தீர்ந்து மடியமாட்டார். தவறினாலும் உயிரின் பக்கமாகவே தவறும் இந்த ஏற்பாட்டிற்காக எம் வாக்கு இதற்கே.

அந்த வளையம் மலைநாட்டிலும் வேலை செய்யும். தேயிலையைச் சுவை பார்ப்பதற்கான 3103ஆம் இலக்கப் பன்னாட்டு நியமம், 100 மில்லிலீற்றர் நீருக்கு 2 கிராம் தூளிட்டு 6 நிமிடம் ஊறவைக்கச் சொல்கிறது. குறியைத் திருப்பிவிட்டுக் காத்திருங்கள்.

ஒன்று மட்டும் கவனிக்க. ‘30 மீற்றர்’ என்று பொறித்த கடிகாரத்தோடு 30 மீற்றர் இறங்கலாகாது. அது மழைத்துளிக்கும் கைகழுவலுக்குமே தாங்கும். நீர் புகாமற் காப்பது உள்ளேயுள்ள ரப்பர் வளையம். அதுவோ காலத்தால் இறுகிப்போகும். போலிக் கடிகாரங்களில் அந்த எண் வெறும் சித்திரம். குளிர்ந்த காலையிற் கண்ணாடியின் உட்புறத்தே பனி படர்ந்தால், ஈரம் உள்ளே புகுந்துவிட்டதென்று கொள்க. அடுப்பருகே வைத்து உலர்த்த வேண்டா, எண்ணெய் கெடும். அன்றே திருத்துநரிடம் கொடுத்து, ரப்பரை மாற்றி அழுத்தச் சோதனையும் செய்வித்துக்கொள்க.