புள்ளிகளுக்கு விற்கப்படும் கல்வி

அவுஸ்திரேலிய மாநில அரசாங்கங்கள் வெளிநாட்டுத் தொழில் வல்லுநரை விசாவுக்கு நியமனஞ் செய்யும் முறையை நடுநிலையானதென்று போற்றுவோர் பலர். அங்கே இனமோ நிறமோ நோக்கப்படுவதில்லை. தகைமைக்குப் புள்ளி வழங்கப்படுகின்றது. கூடிய புள்ளி பெற்றோர் அழைக்கப்படுகின்றனர் என்பது அவர்தம் வாதம். 1901ஆம் ஆண்டின் குடிவரவுக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை அறிந்தோர்க்கு இவ்வாதம் கவர்ச்சியானதே. ஐரோப்பிய மொழியொன்றிலே ஐம்பது சொற்களைச் சொல்வதெழுதச் செய்து, வெள்ளையரல்லாதாரைத் துறைமுகத்திலேயே திருப்பியனுப்பிய சட்டம் அது. அச்சோதனை 1958இலே கைவிடப்பட்டது. 1973இல் விற்லம் அரசாங்கம் இனப் பாகுபாட்டைக் குடிவரவுக் கொள்கையினின்றும் அகற்றியது. கனடா 1967இல் வகுத்த புள்ளித் திட்டத்தைப் பின்பற்றி 1979இலே அவுஸ்திரேலியாவும் புள்ளியிடத் தொடங்கியது. முன்னையதிலும் பின்னையது மேலானது என்பதை எவரும் மறுக்கார். மேலானதெல்லாம் நீதியானதாகிவிடுமா?

புள்ளிகளையே நோக்குவோம். இருபத்தைந்து முதல் முப்பத்திரண்டு வயது வரையுள்ளோருக்கு 30 புள்ளி. கலாநிதிப் பட்டத்துக்கு 20. ஆங்கிலப் பரீட்சையில் அதியுயர் நிலை எய்தினாலும் 20. பல்லாண்டு ஆராய்ச்சிக்கும் ஒரு மொழிப் பரீட்சைக்கும் ஒரே விலை. இளமைக்கோ அவை இரண்டினதையும் விடக் கூடிய விலை. நாற்பத்தைந்து வயதானவருக்குக் கதவே இல்லை. அளக்கப்படுவது அறிவன்று, இன்னும் எத்தனை ஆண்டு உழைப்பைப் பெறலாம் என்பதே என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இதனிலும் விந்தை ஒன்றுண்டு. மணமாகாதவருக்கு 10 புள்ளி. தொழிற்றகைமையும் ஆங்கிலமும் உடைய துணையைப் பெற்றவருக்கும் 10. துணைக்கு ஆங்கிலம் மட்டும் தெரிந்தால் 5. இரண்டுமில்லாத கிராமத்துப் பெண்ணை மணந்த பொறியியலாளருக்கு ஒன்றுமில்லை. அவர் தனித்தேயிருந்திருப்பின் 10 புள்ளி மிகுந்திருக்கும்! இல்லறத்தை நட்டக் கணக்கில் எழுதும் இவ்வட்டவணையைத்தான் நடுநிலையானதென்கின்றனர்.

சரி, குறைந்தபட்சமான 65 புள்ளியைப் பெற்றவருக்கேனும் உரிமை பிறக்கின்றதா? இல்லை. அவர் தம் விருப்பத்தைப் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். மத்திய அரசு ஆண்டுதோறும் ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை இடமென்று பங்கிடும். மாநிலங்கள் தத்தம் தொழிற்பட்டியலையும் நிபந்தனைகளையும் வகுத்து, வேண்டியவரைப் பொறுக்கியெடுக்கும். கன்பராவைக் கொண்ட தலைநகரப் பிரதேசமோ தனக்கெனத் தனிப் புள்ளியட்டவணையொன்றையே வைத்திருக்கின்றது. அழைப்பு வாராவிடின் இரண்டாண்டுகளில் பதிவு காலாவதியாகும். சந்தையில் மாடு பிடிப்போர் கூட வாங்காத மாட்டைப் பார்த்து ஒரு குறையேனும் சொல்லிச் செல்வர்.

நியமனத்துக்கும் புள்ளியுண்டு. நிரந்தர விசாவுக்கு 5. பிராந்திய விசாவுக்கு 15. மூன்று மடங்கு தாராளம் ஏன்? பிந்தியது ஐந்தாண்டுத் தற்காலிக விசா. அதனைப் பெற்றவர் குறித்த பிராந்தியத்திலேயே வாழ்ந்து உழைத்து, மூன்றாண்டுகளின் பின்னரே நிரந்தர வதிவிட உரிமையைக் கேட்கலாம். சிட்னி, மெல்பேண், பிரிஸ்பேன் தவிர்ந்த நாடெல்லாம், பேர்த்தும் அடிலெய்டும் உட்பட, இங்கு பிராந்தியமே. உள்நாட்டவர் செல்ல விரும்பாத இடங்களுக்கு வெளிநாட்டவரைக் கட்டிவைக்கும் கயிறுதான் அப்பதினைந்து புள்ளி.

இக்கணக்கில் இடம்பெறாத தொகை ஒன்றுளது. இலங்கையில் பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசம். அதன் செலவைத் தாங்குவது மறைமுக வரி செலுத்தும் மக்கள்; தேயிலைத் தோட்டத்திலே தம் பிள்ளையைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப இயலாத தொழிலாளியும் அவர்களுள் ஒருவர். 2022ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியின்பின் மருத்துவரும் பொறியியலாளரும் திரளாக வெளியேறினர். வெளியேறியோரைத் துரோகிகளென்று ஏசுவது எளிது, பொருளற்றதும் கூட. வாழ வழி தேடுவது எவர்க்கும் உரிமை. குற்றம் அவரிடத்திலன்று, ஆயத்தப் பொருளாக அவரைப் பெற்றுக்கொண்டு, ஆக்கிய செலவிலே ஒரு சதமும் கொடாத நாட்டினிடத்தது. வெளியேறியோர் அனுப்பும் பணம் ஈடு செய்யுமே என்பர். அப்பணம் அவர்தம் குடும்பத்துக்குச் செல்கின்றது. வைத்தியரில்லாத கிராமிய வைத்தியசாலைக்குச் செல்வதில்லை.

புலம்பெயர் வல்லுநரின் வருமானத்தில் ஒரு சிறு வரி அறவிட்டு அவர் பிறந்த நாடுகளுக்கு வழங்கலாமென்று பொருளியலாளர் ஜகதீஷ் பகவதி 1970களிலேயே முன்மொழிந்தார். செல்வந்த நாடுகள் அதனை ஏற்கவில்லை. வயதுக்கும் மனைவியின் ஆங்கிலத்துக்கும் புள்ளி கணிக்கத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கணக்கு மட்டும் கடினமாயிற்று.