மாப்ள... ப்ராசஸரை மாத்தலாமா?



2011-ல் ஆரம்பிச்ச தமிழக அரசோட இலவச லேப்டாப் திட்டத்துல அக்கா வாங்கின லேப்டாப். இப்ப அது உங்க கையில. ஆன் பண்ணிட்டுப் போய் டீ குடிச்சிட்டு வந்தாலும் சுத்திக்கிட்டே இருக்கு. உடனே ஒரு ஃப்ரெண்டு ஐடியா கொடுப்பான்: "காந்திபுரம் போய் ப்ராசஸரை மட்டும் மாத்திடு மாப்ள, பறக்கும்!"

பஸ் ஏறுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்.

மாத்த முடியுமா?

டெஸ்க்டாப்புல ப்ராசஸரைக் கழட்டி மாட்டலாம். லேப்டாப் கதை வேறங்க. இன்டெல் லேப்டாப் சிப்கள்ல சாக்கெட்ல மாட்டுற வகை, 2013-ல் வந்த நாலாவது ஜெனரேஷனோட நின்னு போச்சு. அதுக்கப்புறம் எல்லாமே மதர்போர்டோட வச்சு சால்டர் பண்ணினதுதான். மாத்தணும்னா போர்டையே மாத்தணும். அந்தக் காசுக்கு நல்ல செகண்ட் ஹேண்ட் லேப்டாப்பே கிடைக்குதான்னு நாலு கடையில விசாரிங்க.

குத்தவாளி ப்ராசஸர்தானா?

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அமுக்குங்க. டாஸ்க் மேனேஜர் வரும். வழக்கமா செய்யற வேலையை ஓட விட்டு, எது 100 சதவீதத்தைத் தொடுதுன்னு கவனிங்க.

'டிஸ்க்' தொட்டா, பிரச்னை பழைய ஹார்ட் டிஸ்க். பெரும்பாலும் நிமிஷத்துக்கு 5,400 தடவை சுத்துற தட்டு அது. ஒரு சுத்துக்கே 11 மில்லி செகண்ட் ஆகும். எஸ்.எஸ்.டி-யில சுத்துற பாகமே கிடையாது. 'மெமரி' நிரம்பி வழிஞ்சா, ரேம் பத்தலைன்னு அர்த்தம். உங்க மாடல்ல ரேம் கூட்ட முடியுமான்னு கேட்டுக்கோங்க.

நம்ம ஊரு கணக்குல சொல்லட்டுமா? கிணத்துல ஊத்து கம்மியா இருக்கறப்ப, 5 ஹெச்.பி. மோட்டாரைக் கழட்டிட்டு 10 ஹெச்.பி. மாட்டினா தண்ணி கூடுமா? ப்ராசஸர்தான் மோட்டார். எஸ்.எஸ்.டி-யும் ரேமும்தான் ஊத்து!

'சி.பி.யூ' தான் எப்பவும் 100-ல நிக்குதா? முதல்ல ஃபேன்ல அடைஞ்ச தூசியை க்ளீன் பண்ணச் சொல்லுங்க. ரொம்ப சூடானா ப்ராசஸர் தானாவே வேகத்தைக் குறைச்சுக்கும். அதுக்கும் மசியலைன்னா, புதுசைப் பத்தி யோசிக்கலாம்.

புதுசுன்னா எது?

"ஐ7 எடுங்க தம்பி"ன்னு சொன்னதும் மயங்கிடாதீங்க. 2016-ல் வந்த ஐ7-7500யூ-வுக்கு 2 கோர்தான். அடுத்த வருஷமே வந்த ஐ5-8250யூ-வுக்கு 4 கோர்! அதனால பேரை விட்டுட்டு ஜெனரேஷனையும் கோர் எண்ணிக்கையையும் கேளுங்க.

அப்புறம் ஒரு சின்னக் கணக்கு. 10 நிமிஷம் ஓடுற ஒரு ப்ராஜெக்ட் வேலை, 20 சதவீதம் வேகமான ப்ராசஸர்ல 8 நிமிஷம் 20 செகண்ட்ல முடியும். வாரத்துக்கு 3 தடவை ஓட்டினா மிச்சம் 5 நிமிஷம். அந்த 5 நிமிஷத்துக்கு எத்தனை ஆயிரம் கூடுதலா கொடுக்கலாம்? தினமும் வீடியோ எடிட்டிங், 3டி டிசைன்னு உட்கார்றவங்களுக்கு விடை வேற. ரெக்கார்டு நோட்டுக்கும் ப்ரோகிராமிங் லேபுக்கும் மட்டும்னா, விடை உங்களுக்கே தெரியும்.

இன்னொண்ணு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ல் முடிஞ்சிருச்சு. விண்டோஸ் 11 கேக்கறது, இன்டெல்னா அநேகமா எட்டாவது ஜெனரேஷன் இல்லன்னா அதுக்கு மேல. அதைவிடப் பழசுன்னா எஸ்.எஸ்.டி போட்டு லினக்ஸுக்கு மாறிடுங்க. ஓசியில கிடைக்குது.

கடைசியா, 2025-26 தமிழக பட்ஜெட்ல, 2 வருஷத்துல 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட்னு அறிவிச்சாங்க. உங்க காலேஜுக்கு அது உண்டான்னு ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுடுங்க. அம்மா வளையலை அடகு வைக்கிறதுக்கு முன்னாடி கேக்க வேண்டிய கேள்வி அதுதானுங்களே!