தோடி எங்கே போனது?

எனக்குக் கணினி மேல் கோபம் இல்லை. "எல்லாம் காப்பி ஆயிடுச்சு சார்" என்று சொல்கிறவர்கள் மேல்தான் கோபம்.

மகன் விட்டுப்போன பழைய கணினியில் பன்னிரண்டு வருடமாகச் சேர்த்த பாட்டுகள் 1,412. அது தள்ளாட ஆரம்பித்ததும் வேறு வகைக் கணினி ஒன்று வாங்கினேன். பாட்டுகளை மாற்றித் தர வந்த பையன் அரை மணியில் மேற்படி வாக்கியத்தைச் சொல்லிவிட்டுக் கிளம்பினான். நான் பொறுப்பு ஏற்கும்போது கட்டுகளை எண்ணி வாங்கிப் பழகிய குமாஸ்தா. எண்ணினேன். என் பட்டியலில் பாடியவை 1,163.

விடுபட்ட 249-ஐயும் நோட்டில் எழுதிப் பார்த்தேன். பைரவி இருந்தது, கல்யாணி இருந்தது. தோடி, மோகனம், காம்போதி இல்லை. கொத்தமங்கலம் சீனு இல்லை. புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்த பாசத்தில் சேர்த்த எதித் பியாஃபும் இல்லை. 1987 கொலுவில் என் மனைவி பாடிய மோகனமும் இல்லை. கேசட்டிலிருந்து ஏற்றியது அது. கேசட் போய்விட்டது. அவளும் போய் ஆறு வருடம் ஆகிறது.

தோடிக்கும் பியாஃபுக்கும் என்ன உறவு? மூன்று நாள் மண்டையைக் குடைந்தேன். விஷயம் இதுதான். 'தோ'வில் உள்ள ஓகாரக் குறியைக் கணினியில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒரே குறியாக வைக்கலாம். இரட்டைக்கொம்பு, துணைக்கால் என இரண்டாகவும் வைக்கலாம். 'கொ'வும் அப்படியே. பியாஃப் பெயரின் முதல் எழுத்துக்கு மேலே பிரெஞ்சில் ஒரு சாய்கோடு உண்டு. அதையும் சேர்த்தோ பிரித்தோ வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். யூனிகோடு விதியும் இரண்டும் சமம் என்றே சொல்கிறது. பழைய கணினி பாட்டுகளின் பெயரைப் பிரித்து வைத்திருந்தது, பட்டியலோ சேர்த்து எழுதியிருந்தது. புதிய கணினி "இவர் வேறு, அவர் வேறு" என்று திருப்பி அனுப்பிவிட்டது. இனிஷியல் மாறியிருக்கிறது என்று பென்ஷனை நிறுத்துவது போல!

பாட்டுகள் எல்லாம் வட்டில் பத்திரமாகவே இருந்தன. ஆனால் கூப்பிட்டால் வராத பொருள் இருந்து என்ன பயன்? எங்கள் பீர்க்கன்கரணை பேரூராட்சி 2021-இல் தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்தது. அதற்காக என் வீடு காணாமல் போகவில்லையே.

பேரன் சிரித்தான். "எதுக்குத் தாத்தா இந்தக் கஷ்டம்? மாசாமாசம் பணம் கட்டினா எல்லாப் பாட்டும் வருதே."

வரும். அது வாடகை வீடு. 2008-இல் மைக்ரோசாஃப்டின் எம்.எஸ்.என். மியூசிக், பூட்டுப் போட்டு விற்ற பாட்டுகளுக்குப் புதிய கணினியில் இனிச் சாவி தரமாட்டோம் என்று அறிவித்தது. கூச்சல் எழுந்த பிறகுதான் 2011 வரை அவகாசம் கொடுத்தது. அதே ஆண்டு யாஹூவும் தன் பாட்டுக் கடையை மூடியது. காசு கொடுத்து வாங்கியவர்கள் கதியே அது! மாதச் சந்தா கட்டுகிறவனுக்கு என்ன உரிமை இருக்கும்? அதோடு, உலகத்துப் பாட்டெல்லாம் வைத்திருக்கிற கம்பெனியிடம் என் வீட்டுக் கொலு மோகனம் இருக்குமா?

என் வயது நண்பர்களுக்குச் சொல்கிறேன். பாட்டைப் பாட்டுப்பெட்டிச் செயலியின் பொறுப்பில் விடாதீர்கள். சாதாரண எம்பி3 கோப்பாக, உங்கள் ஃபோல்டரில் வையுங்கள். கோப்புக்கு 0001, 0002 என்று எண்ணையே பெயராக வையுங்கள். எண்ணுக்குக் கொம்பும் இல்லை, காலும் இல்லை. ராகம், பாடியவர், வருடம் எல்லாம் ஒரு நோட்டில் இருக்கட்டும். வெளி ஹார்டு டிஸ்க்கை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்தால் இரண்டு வகைக் கணினியும் படிக்கும். ஒன்றுக்கு இரண்டு பிரதி எடுங்கள்.

தமிழ் தெரியும் என்று விளம்பரம் செய்கிற கம்பெனிகளுக்கும் ஒன்று: தமிழை அழகாகக் காட்டினால் போதாது, கூப்பிட்டால் அடையாளம் தெரிய வேண்டும்.

மோகனத்துக்கு இப்போது எண் 0417. நேற்று இரவு கேட்டேன்.

பழைய கணினியைத் தூக்கிப் போடுமுன் எண்ணிப் பாருங்கள். கையெழுத்து அப்புறம்.