ஊக்குவிப்பவரே காவல் காக்கலாமா?

கடல் நடுவே நின்று எண்ணெய் எடுக்கும் மேடைகளைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். நூறு, இருநூறு பேர் அங்கேயே உண்டு, உறங்கி, வேலை செய்கிறார்கள். தீப்பிடித்தால் ஓட இடமில்லை, சுற்றிலும் தண்ணீர்தான்.

பிரிட்டனுக்கு வடகிழக்கே வட கடலில் பைபர் ஆல்பா என்றொரு மேடை இருந்தது. 1988 ஜூலை 6 அன்று பகலில், அங்கிருந்த இரு பம்புகளில் ஒன்றின் பாதுகாப்பு வால்வைப் பழுதுபார்க்கக் கழற்றினார்கள். வேலை முடியவில்லை. வால்வு இருந்த இடத்தை ஒரு தகட்டால் மூடிவிட்டுப் போனார்கள். இரவுப் பணியாளருக்கு இது தெரியாது. மற்றப் பம்பு நின்றுவிடவே, இதை ஓட்டினார்கள். எரிவாயு கசிந்து வெடித்தது. தீயணைப்புப் பம்புகளோ தாமே இயங்காதபடி வைக்கப்பட்டிருந்தன. கடலுக்குள் மூழ்கி வேலை செய்வோரை அவை உறிஞ்சி இழுத்துவிடக் கூடாதே என்ற நல்லெண்ணம்தான் காரணம்! 167 பேர் மாண்டனர்.

ஒரு தகவல் கைமாறாததால் வந்த வினை என்று சொல்லிவிடலாம். எனக்கு அது போதவில்லை. மனிதர் மறப்பது இயல்பு, அதற்காகத்தானே கண்காணிப்பு? அந்த மேடையைச் சோதித்து வந்தது பிரிட்டனின் எரிசக்தித் துறை. எண்ணெய் உற்பத்தியைப் பெருக்கும் பொறுப்பும் அதே துறைக்குத்தான்! அதன் சோதனைகள் வெறும் மேலோட்டமானவை என்று, விசாரணை நடத்திய கல்லன் பிரபு 1990-இல் குறை கூறினார். பிறகே அப்பொறுப்பு, தொழிலாளர் பாதுகாப்பைக் கவனிக்கும் வேறோர் அமைப்புக்கு மாறியது. ஆபத்துகளை எப்படிச் சமாளிப்போம் என்பதை ஒவ்வொரு நிறுவனமும் முன்கூட்டியே எழுதிக் காட்டவேண்டும் என்ற விதியும் வந்தது.

அமெரிக்காவும் பட்டுத்தான் தெரிந்துகொண்டது. மெக்சிகோ வளைகுடாவில் 2010-இல் டீப்வாட்டர் ஹொரைசன் வெடித்து 11 பேர் இறந்தனர். 87 நாட்கள் எண்ணெய் கடலில் கொட்டியது. எண்ணெய் வருவாயை வசூலித்த அலுவலகமே அங்கே பாதுகாப்பையும் பார்த்து வந்தது. அந்த விபத்துக்குப் பிறகுதான் இரண்டையும் பிரித்தார்கள்.

நம் நாட்டில்? 2005 ஜூலை 27 அன்று பம்பாய் ஹை மேடையில் ஒரு கப்பல் மோதித் தீப்பிடித்து 22 பேர் உயிரிழந்தனர். கடல் மேடைகளின் பாதுகாப்பைக் கவனிக்கும் இயக்குநரகம் இன்றும் பெட்ரோலிய அமைச்சகத்தின் கீழேதான் இருக்கிறது. உற்பத்தியைப் பெருக்க வேண்டியதும் அந்த அமைச்சகமே.

உங்கள் பொதுத்தேர்வு விடைத்தாளை உங்கள் ஆசிரியரே திருத்துவதில்லை அல்லவா? அவர் நேர்மையற்றவர் என்பதாலா? இல்லை. தேர்ச்சி விகிதம் உயர்ந்தால் பாராட்டு அவருக்கும் உண்டு. அதே காரணத்தால் இந்த இயக்குநரகத்தையும் தனியே பிரிக்கவேண்டும் என்பேன். எண்ணெய்த் தொழில் தெரிந்தவர்கள்தானே அதைச் சோதிக்க முடியும் என்பார்கள். உண்மைதான். அவர்களே சோதிக்கட்டும்; ஆனால் அவர்களுடைய சம்பளமும் பதவி உயர்வும் வேறிடத்திலிருந்து வரட்டும்.