நாவின் முடிச்சு

காஜிமார் தெருவிலும் கோரிப்பாளையத்திலும் சுற்றுவட்டச் சிற்றூர்களிலும் மதரஸா செல்லும் வளரிளம் பிள்ளைகளுள் சிலருக்குச் சபை முன் எழுந்தால் நா திக்குகிறது. ஏளனத்திற்கு அஞ்சி, நாளடைவில் ஓதவே கூசுகின்றனர்.

ஃபிர்அவ்னிடம் செல்லப் பணிக்கப்பட்ட மூஸா நபி (அலை) அவர்களே தம் நாவின் முடிச்சை அவிழ்க்குமாறு இறைஞ்சியதைத் திருமறையின் 20-ஆம் அத்தியாயம் கூறுகிறது. தம்மினும் தெளிவாகப் பேசும் சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணையாகவும் வேண்டினார்கள், இறைவன் அருளினான். சிரமப்பட்டுத் திக்கி ஓதுபவருக்கு இரட்டை நன்மை உண்டென்பது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான நபிமொழி.

திக்குதல் அறிவுக் குறைவன்று. பதற்றத்தில் மிகும் ஓர் இடர். ஆதலின் பிள்ளை சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருங்கள். சொல்லை இடையில் பறிக்காதீர்கள். துஆவுடன் பேச்சுப் பயிற்சியாளரின் உதவியையும் நாடுங்கள். மூஸா நபிக்கு ஹாரூன் நபி துணை நின்றதுபோல், உங்கள் பிள்ளைக்கு நீங்கள் துணை நில்லுங்கள்!