பொறியா, தொட்டிலா?

தென்னம்பாளைகளைக் கட்டாகக் கட்டி, பாரம் சேர்த்துக் கடலில் இறக்குகிறார்கள். மறைவும் பிடிமானமும் தேடி ஓட்டுக்கணவாய்கள் சில நாட்களில் அங்கே கூடிவிடும். பிறகு தூண்டிலுக்கு வேலை. குமரி மாவட்ட மீனவர்கள் கர்நாடகக் கடல் வரை கொண்டுசென்ற தொழில்முறை இது. ஜப்பானிலும் மரக்கிளைகளைக் கடலுக்குள் இறக்குகிறார்கள். மீனவர்களும் முக்குளிப்பவர்களும் கைகோத்துச் செய்யும் அந்த வேலை, கணவாய் வந்து முட்டையிடட்டும் என்பதற்காக. ஓரிடத்தில் பொறி, இன்னோரிடத்தில் தொட்டில்.

சென்னையில் கடம்பா என்று அழைக்கப்படும் கணவாய், மீன் இனமே அல்ல; நத்தைக்கும் சிப்பிக்கும் உறவு. மூன்று இதயங்கள், செம்பு கலந்த நீல இரத்தம், கண்ணிமைக்கும் நேரத்தில் நிறம் மாறும் தோல் என்று அதன் உடம்பில் வியப்புகள் ஏராளம். ஆனால், நம்மைச் சுடவேண்டிய செய்தி அதன் ஆயுள். நம் கடலில் அது வாழ்வது ஏறக்குறைய ஓர் ஆண்டு. முட்டையிட்ட பின் அதிக நாள் தங்காது. பல ஆண்டு வாழும் மீன்களில் ஒரு பருவம் பொய்த்தாலும் மூத்தவை மிச்சமிருக்கும். கணவாய்க்கு அந்தச் சேமிப்பு இல்லை. இந்த ஆண்டின் முட்டைதான் அடுத்த ஆண்டின் மீன்பாடு.

அந்த முட்டை எங்கே இருக்கிறது? பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் வாழும் ஒருவகைக் கணவாய், கடற்புல்லிலும் பவளப் பாரிலும் வெள்ளை விரல்களைப் போலக் கொத்துக்கொத்தாக முட்டைப் பைகளை ஒட்டிவைக்கிறது. மீன்கூட்டின் கயிற்றைக்கூட அது விடுவதில்லை. தாய் காவல் இருப்பதில்லை. குஞ்சு வெளிவர ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். அதற்குள் ஓர் இழுவைமடி அந்தத் தரையை வழித்துச் சென்றால், அடுத்த ஆண்டின் கணக்கு அங்கேயே முடிந்துவிடும். இழப்பு மீனவருக்கு மட்டுமல்ல. சூரைக்கும் வஞ்சிரத்துக்கும் ஓங்கிலுக்கும் கணவாய் இரை.

பாளைகளால் வலை கிழிகிறது, முட்டையிட வரும் கணவாயைக் குறிவைத்துப் பிடிக்கிறார்கள் என்பது விசைப்படகுக்காரர்களின் குறை. இழுவைமடி குஞ்சுகளையும் தரையையும் சேர்த்து அள்ளுகிறது என்பது தூண்டில்காரர்களின் குறை. இரண்டிலும் உண்மை இருக்கிறது. சட்டத்தின் காவலும் உண்டு. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இருக்கிறது. விளக்கொளி மீன்பிடிப்பையும் இரட்டைமடியையும் 2017இல் மத்திய அரசு தடைசெய்தது. பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் 2022இல் கடற்பசுக் காப்பகமானது. கடற்பசு மேயும் அந்தப் புல்வெளி கணவாய்க்கும் தொட்டில்தான். ஆனால் கணவாய் ஆண்டு முழுவதும் முட்டையிடக்கூடியது. 61 நாள் காவல் போக, எஞ்சிய நாட்களில் அதைக் காக்க நாம்தான் இருக்கிறோம்.

அந்தக் காவலைப் பங்குபோட்டுக்கொள்ளலாம். முட்டை ஒட்டிய கூட்டையும் கயிற்றையும் கரையில் காயப்போடாமல், குஞ்சு பொரியும்வரை தண்ணீரிலேயே விட்டுவைப்பது மீனவர் பங்கு. கடற்புல் தரையையும் பாரையும் விட்டு விலகி வலை இழுப்பது விசைப்படகு உரிமையாளர் பங்கு. விரல் நீளக் குஞ்சுகளை விலைபேச மறுப்பது ஏலக்காரரும் ஏற்றுமதியாளரும் ஏற்கவேண்டியது. வாங்க ஆளில்லாத குஞ்சுக்காக யாரும் டீசலை எரிக்கமாட்டார்கள். முட்டையிடும் இடங்களை மீனவர்களிடமே கேட்டு வரைபடமாக்கி, அங்கே கிளைகளை இறக்கும் செலவை ஏற்பது அரசின் கடமை. தட்டில் கணவாய் வறுவலை எதிர்பார்க்கும் நாமும், சந்தையில் குஞ்சைக் கண்டால் வேண்டாம் என்று சொல்லலாம்.

இதில் யாருக்கும் நெடுங்காலக் காத்திருப்பு இல்லை. கணவாயின் குறுகிய ஆயுளே இங்கே நமக்குச் சாதகம்: இன்று காத்த முட்டையின் பலன் ஓர் ஆண்டுக்குள் வலைக்கு வந்துவிடும். பாளையைக் கட்டத் தெரிந்த கைகள் நம் கரையில் நிறைய இருக்கின்றன. தூண்டில் போடாத சில கட்டுகளையும் அவை இறக்கட்டும்.