சத்திரக்காரன்

ஏசுநாதர் சொன்ன நல்ல சமாரியன் கதையை அறியாதவர் நம்மிடையே குறைவு. கிறிஸ்தவப் பள்ளியில் இரண்டு வருஷம் படித்த ஹிந்துப் பிள்ளையும் அதைத் தடையின்றிச் சொல்லுவான். எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகும் வழியில், கள்வரிடம் அடிபட்ட ஒருவன் குற்றுயிராய்க் கிடக்கிறான். குரு ஒருவர் விலகிப் போகிறார். ஆலய ஊழியர் ஒருவரும் விலகிப் போகிறார். யூதர்கள் இழிவாய் எண்ணிய சமாரியன் ஒருவனே இரங்கி, அவன் காயங்களைக் கட்டுகிறான்.

கதை இத்துடன் முடிந்ததென்றே பலரும் நினைத்திருக்கிறோம். முடியவில்லை. சமாரியன் அவனைத் தன் வாகனத்தில் ஏற்றிச் சத்திரத்தில் சேர்க்கிறான். மறுநாள் சத்திரக்காரனிடம் இரண்டு வெள்ளிக் காசுகளைக் கொடுத்து, மேற்கொண்டு செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொல்லிச் செல்கிறான். இந்தப் பின்பாதியைப் பற்றியே இவ்வாரம் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

பகவத் ராமாநுஜர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூர் இன்று கைபேசிகளும் மோட்டார் வண்டிகளும் பிறக்கும் ஊராகிவிட்டது. அங்கிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள் கோவிலுக்குச் செல்லும் சாலையில் விடியுமுன்னரே பஸ்கள் வரிசையாக ஓடுகின்றன. உள்ளே, சீருடை அணிந்த இளம் பெண்கள் ஜன்னலில் தலை சாய்த்து உறங்குகிறார்கள். நம்மிடம் படித்த பெண்ணொருத்தியும் அவர்களுள் இருக்கிறாள். பொங்கல் விடுமுறையில் சான்றிதழ் ஒன்றுக்காக வந்தவளிடம், "வேலை கஷ்டமா, அம்மா?" என்று கேட்டோம். "வேலை கஷ்டமில்லை, ஸார். வேலை முடிந்து போய்ப் படுக்கிற இடந்தான் கஷ்டம்" என்றாள்.

அவள் சொன்னது புதிதன்று. 2021 டிசம்பரில், பாக்ஸ்கான் தொழிற்சாலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் உணவு கெட்டு, 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். உடன் வேலை செய்த பெண்கள் சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். எரிகோ வழியில் அடிபட்டவன் ஓரத்தில் கிடந்தான். இவர்களோ நடுச்சாலைக்கு வந்தார்கள். அதனாலேயே உலகம் திரும்பிப் பார்த்தது. பிறகு 2024 ஆகஸ்டில், வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்குவதற்கான குடியிருப்பை அரசு 706 கோடி ரூபாய்ச் செலவில் திறந்தது. நல்ல காரியம், மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் கட்டிடம் எழும்பியதோடு கடமை தீர்ந்ததா?

இதே பிரதேசத்தின் பழைய வரலாறு ஒன்று இதற்கு விடை சொல்கிறது. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் இறுதியில், ஆதம் ஆண்ட்ரு என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியாரும், வில்லியம் கௌடி என்ற வெஸ்லியன் பாதிரியாரும் அன்றைய செங்கற்பட்டு ஜில்லாவில் ஆதி திராவிட மக்களிடையே ஊழியம் செய்தார்கள். குடியிருக்கும் மனையும் உழும் நிலமும் சொந்தமில்லாதவனுக்குக் கஞ்சியும் மருந்தும் மட்டும் போதாவென்று கண்டு, சர்க்காரிடம் அவர்களுக்காக வாதாடினார்கள். 1891-இல் கலெக்டர் டிரெமென்ஹீர் அம்மக்களின் நிலையை விரிவாக எழுதி அனுப்பினார். 1892-இல் அவர்களுக்கு நிலம் ஒதுக்க உத்தரவு பிறந்தது. இன்று பஞ்சமி நிலம் என்று வழங்குவது அதுவே. சிங்கப்பெருமாள் கோவிலுக்கு அருகே ஆண்ட்ரு அமைத்த மெல்ரோஸாபுரம் இன்றும் இருக்கிறது. ஆயினும் பஞ்சமி நிலங்கள் பல பின்னாளில் பிறர் கைக்குப் போயின. காரணம் என்ன? காசு கொடுத்தவர் உண்டு; திரும்பி வந்து கணக்குக் கேட்டவர் இல்லை.

"பாதிரிமார் மதம் மாற்றுவதற்காகச் செய்தார்கள்" என்று நேயர் சிலர் முணுமுணுப்பது நமக்குக் கேட்கிறது. அந்த எண்ணமும் அவர்களுக்கு இருந்ததை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் ஏசுநாதர் வைத்த அளவுகோல் வேறு. சமாரியன் அடிபட்டவனைத் தன் கோவிலுக்கு அழைக்கவில்லை. சத்திரத்துக்குத்தான் அழைத்துப் போனான். நம்பிக்கை எதுவாயினும், அதன் மெய்யான சோதனை அங்கேதான்.

இந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் நாம் நம்மைச் சமாரியனாகவே பாவித்துக்கொள்கிறோம். சற்று யோசித்தால் வேறொன்று தெரியும். ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் மனை வாங்கி, மாடி கட்டி, ஓர் அறையில் எத்தனை பாய் விரிக்கலாம் என்று எண்ணி வாடகை வாங்குகிறவர்கள் யார்? நம்மைப் போன்ற படித்த குடும்பத்தினரே. அங்கே நாம் சமாரியன் அல்ல, சத்திரக்காரன்.

கதையில் அவனுக்குப் பெயர் இல்லை, புகழும் இல்லை. ஆயினும் முன்பின் அறியாத ஒருவனை அவன் கையில் நம்பி ஒப்படைத்துப் போனார்கள். குடிதண்ணீர், கழிப்பறை, காற்று வரும் ஜன்னல், இரவில் காய்ச்சல் கண்டால் கதவைத் தட்ட ஒரு வீடு: அவன் செய்ய வேண்டியது இவ்வளவே. நம் வீட்டுப் பெண்ணை ஓர் ஊரில் விட்டு வந்தால் நாம் எதிர்பார்ப்பதும் இதைத்தானே?